நாலு பேரும் ஓர் அரையாடையும்



என் தாய்மாமன் மேலூர்ப் பக்கம் அரை ஏக்கர் நஞ்சையை அடமானம் வைத்தார். எதற்கு? என் தங்கச்சி காதுகுத்துக்குச் சீர் கொண்டுவர! மேளம், வெடி, தட்டுத் தட்டாய் வரிசை. "கொறச்சுக்கலாம்ண்ணே" என்றாள் என் தாய். "நாலு பேரு என்ன பேசுவான்?" என்றார். தின்றுவிட்டுப் போன நாலு பேரில் எவனாவது வட்டி கட்ட வந்தானா? நிலம் போனது!

நம்ம மதுரைக்கு 1921 செப்டம்பரில் ஒரு மனுசன் ரயிலில் வந்தார். பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும்! பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் கட்டச் சொன்னார். "வாங்க வசதியில்லை, நாங்க ஏழைங்க" என்றார்கள். சுருக்கென்றது அவருக்கு. அவர் உடம்பில் மேல்சட்டை, தலையில் குல்லாய், முழு வேட்டி!

இதற்கு முன்பும் அதையெல்லாம் கழற்ற நினைத்து, வேடிக்கை காட்டுவதாக ஆகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டவர்தான். அவருக்கும் இருந்ததய்யா அந்த நாலு பேர் பயம்! கூட இருந்தவர்களும் தயங்கினார்கள். செப்டம்பர் 22 காலை, மேலமாசி வீதி மாடி வீட்டிலிருந்து அரையாடையோடு இறங்கினார். காமராஜர் சாலையில் அவர் பேச நின்ற பொட்டலுக்கு அவர் பேரையே வைத்தோம்!

இன்றைக்கும் சிலர் இருக்கிறார்கள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, முக்குக்கு முக்கு ப்ளெக்ஸ்! பிறந்தநாளுக்கு ப்ளெக்ஸ், கட்சி மாறினால் ப்ளெக்ஸ்! ராத்திரி காரில் சுற்றித் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார்கள். என் மாமனைக் கெடுத்தது இந்தப் பகட்டுத்தான்! இவர்கள் வீட்டு விசேஷத்தைப் பார்த்துத்தான் ஏழை கடன் வாங்குகிறான்!

அந்த மனுசன்? 1931இல் சர்ச்சில் "அரை நிர்வாணப் பக்கிரி" என்று ஏசினார். அதே வருஷம் அதே துணியோடு போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைப் படி ஏறினார்! 1921 அக்டோபர் 31 வரைக்குமாவது என்று கட்டிய துணி. 26 வருஷம், சாகும்வரை கட்டினார்.

அடுத்த காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கும் முன்னால், தாய்மார்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமுக்கத்துக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனைக்குப் போங்கள். அங்கேதான் காந்தி மியூசியம். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணி, ரத்தக்கறையோடு, கண்ணாடிக்குள் இருக்கிறது.