உப்புக்கு ஓர் இலாகா

(கோட்டைப்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் கருவாட்டு வியாபாரி. பாறையும் திருக்கையும் வெயிலில் காய்கிற வாடையோடுதான் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரும். "மூணு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. அதுல கைய இழுத்தா புழு வச்சிரும்" என்பார். அதனால் இன்று உப்பு பற்றியே பேச வந்தேன். சரியாகச் சொன்னால், உப்புக்காகப் பிறந்த ஓர் இலாகாவைப் பற்றி.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினி உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது 1805இல். உப்பளத்துக்குக் காவல், வண்டிக்குச் சோதனை, எல்லாவற்றுக்கும் பதிவேடு என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. வரி கூடக் கூட, கரையோரத்தில் ஒரு சங்கடம் தலைதூக்கியது. மீனுக்குப் போட உப்பு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அரைகுறையாக உப்பிட்ட மீன் அழுகியது. மீன்களை ஆராய்ந்த டாக்டர் பிரான்சிஸ் டே 1873 அறிக்கையிலேயே இந்தக் கேட்டை எடுத்துக் காட்டினார்.

வரியைக் குறைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். இலாகா என்ன செய்தது தெரியுமா? கரை நெடுக மீன் உப்பிடும் முற்றங்களைத் திறந்தது. வரியில்லாத உப்பு அங்கே கிடைக்கும். ஆனால் மீனை அங்கே கொண்டுவந்து, அங்கேயேதான் உப்பிட வேண்டும். ஒரு கைப்பிடி உப்பும் வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதா என்று பார்க்கக் காவலாள், எடை போட ஒருவர், எழுத ஒருவர். நோயைக் கொடுத்தவரே வைத்தியசாலையும் திறந்து, அதற்கும் ஆள் எடுத்துக்கொண்டார். இதற்கிடையில், 1888இல், வரி மணங்குக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாயாக ஏறியது.

பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி மீன்பிடித் தொழிலை ஆராய்ந்தார்; 1907இல் மாகாணத்துக்கென மீன்வளப் பிரிவு வந்தது. முற்றங்களும் பிற்பாடு அதன் கைக்கு மாறின. நம்மூர் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போகிறார்களே, அந்த மீன்வளத் துறையின் ஒரு வேர் இந்த உப்பு வேலிக்குள் இருக்கிறது.

1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரியே போனது. வரிக்காகப் பிறந்த இலாகாவும் கூடவே போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. 1953இல் உப்புக்கு ஒரு தீர்வைச் சட்டம் வந்தது, மணங்குக்கு இரண்டணா. வசூலாகும் பணம் எதற்கெல்லாம் செலவாகலாம் என்று அந்தச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம், மாதிரி உப்பளம், தொழிலாளர் நலன் எல்லாம் உண்டு. ஆனால் முதல் இனம் எது? உப்பு அமைப்பின், அதாவது அதே இலாகாவின், செலவை ஈடுகட்டுவது! நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அளத்தில் வெந்த காலோடு நிற்பவர் அந்தப் பட்டியலில் அப்புறம்தான் வருகிறார்.

1996இல் உரிம முறை போனது. 2016இல் தீர்வையும் போனது. உப்பு ஆணையர் அலுவலகம் மட்டும் கடலே எட்டிப் பார்க்காத ஜெய்ப்பூரில் இருந்துவந்தது. (சாம்பர் ஏரி பக்கத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.) நாடெங்கும் சுமார் 60,000 ஏக்கர் நிலம் அதன் பொறுப்பில் இருந்தது.

அங்கே இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. கழுத்துக்கழலைக்கு எதிராக அயோடின் உப்பைப் பரப்பியதில் அந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. அது நல்ல வேலை. என் குறை வரிசையைப் பற்றியது: ஆள் முதலில் இருக்கிறார், அவருக்கான வேலை பிறகு தேடப்படுகிறது.

இது உப்புக்கு மட்டும் உரிய நோய் அல்ல. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1955இல் ஒரு கணக்குக் காட்டினார். 1914இல் பிரிட்டிஷ் கடற்படையில் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928இல் 20. அதே காலத்தில் தலைமையக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள். அவர் கிண்டலாகத்தான் எழுதினார். அந்த எண்களில் கிண்டல் இல்லை.

நம் கருவாட்டுப் பெரியவர் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மூன்றாம் நாள் எழுத்தர் அவர் பெயரை ஒரு நோட்டில் எழுதினார், இன்னொன்றில் எழுதினார், மூன்றாவதையும் எடுத்தார்.

"இது எதுக்குத் தம்பி?"

"ரெண்டாவதுல எழுதியாச்சுன்னு இதுல எழுதணும், பாய்."

இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்து, மூன்று நாள் பஸ் சார்ஜையும் கணக்குப் போட்டுச் சொல்வார்.