நிறம், பேச்சு, முகவரி

(பணியிடைப் பயிற்சி வகுப்பில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக நாடுகளில் நிறவெறியும் வர்க்கப் பாகுபாடும் எப்படி இருக்கின்றன, ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சுற்றிவர எனக்குத் தெம்பு இல்லை. மூன்று நாடுகளுக்கு மட்டும் போய்வருவோம். அங்கேயும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வேறெங்கும் போக வேண்டாம். நமக்குத் தெரிந்த இடம் அதுதானே.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்று ஓர் ஊர். அங்கே மூன்றாம் வகுப்புப் படித்த லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. ஆனால் அது வெள்ளையர் பிள்ளைகளுக்கானது. லிண்டா கறுப்பினச் சிறுமி. தினமும் ரயில்வே தண்டவாளங்கள் நிறைந்த ஒரு யார்டைக் கடந்து போய், பேருந்து பிடித்து, தொலைவில் இருந்த கறுப்பினப் பள்ளிக்குப் போக வேண்டும். அவளுடைய தந்தையும் வேறு சில பெற்றோரும் 1951இல் வழக்குத் தொடுத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் படித்த பள்ளியின் கட்டடம் மோசம், ஆசிரியர்கள் மோசம் என்பதல்ல வழக்கு. கட்டடமும் பாடத்திட்டமும் ஆசிரியர் தகுதியும் ஏறக்குறைய சமம்தான். எல்லாம் சமமாக இருந்தாலும், பிரித்து வைப்பதே ஒரு கேடு என்பதுதான் வாதம்.

அதை நிரூபிக்கப் பயன்பட்ட சான்றுகளில் ஒன்று பொம்மை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டினார்கள். எல்லாம் ஒரே அச்சு. தோலின் நிறமும் முடியின் நிறமும் மட்டும் வேறு. எதோடு விளையாட ஆசை, எது நல்ல பொம்மை, எது கெட்டதாகத் தெரிகிறது என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட எடுத்தது வெள்ளைப் பொம்மையை. கெட்டதாகத் தெரிவது பழுப்புப் பொம்மை என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு கேள்வி: "இதில் உன்னைப் போல இருக்கிற பொம்மை எது?" சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். அறையை விட்டு ஓடிய குழந்தைகளும் உண்டு. அந்தக் கடைசிக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது. நம் பாடநூல்களில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். நடந்தது வேறு. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பதைவிடப் பள்ளியையே மூடிவிடலாம் என்று, 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பலர் அந்த ஐந்து ஆண்டும் பள்ளியே இல்லாமல் வளர்ந்தார்கள். தென் மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது வேறொன்றும் நடந்தது. மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், ஆனால் தங்களைப் போன்ற ஆசிரியரைக் கரும்பலகைக்கு முன்னால் பார்க்கும் வாய்ப்பை இழந்தார்கள். ஆசிரியர் கூட்டங்களில் இதை ஏன் நாம் அதிகம் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் குறைந்தபட்சம் எதிரி சட்டப் புத்தகத்தில் எழுத்தாக இருந்தான். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளிக்கு வரக்கூடாது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி தந்தது, நல்ல சட்டம்தான். ஆனால் அதையொட்டிப் பரவலான ஏற்பாட்டில், 10, 11 வயதில் ஒரு தேர்வு. தேறியவர்களுக்கு கிராமர் பள்ளி, அதன் வழியாகப் பல்கலைக்கழகம். தேறாத பெரும்பான்மைக்கு வேறு பள்ளி, 15 வயதில் வேலை. கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் புத்தகமும் பியானோவும் இருக்கிற வீட்டில் புழங்கும் சொற்கள் அதில் இயல்பாக இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் புழங்கும் சொற்கள் இல்லை. பதினோரு வயதில் ஒரு பிள்ளையின் மண்டைக்குள் விழுந்த தீர்ப்பு "உன்னை ஒதுக்கினார்கள்" என்பதல்ல, "உனக்கு அறிவு போதவில்லை" என்பது. முதலாவதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். இரண்டாவதை எதிர்த்து எங்கே போவது?

அங்கே வர்க்கத்தைக் காட்டிக்கொடுப்பது வாய். ஒருவர் பேசும் விதத்தை வைத்தே அவர் எந்த ஊர், எந்தத் தெரு, தகப்பன் என்ன தொழில் என்று ஊகிப்பார்கள். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகம் முழுக்க இதுதான், பூ விற்கும் ஒரு பெண்ணின் உச்சரிப்பை மாற்றியவுடன் உலகம் அவளைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. நிறமும் இந்தப் பேச்சும் ஓரிடத்தில் சந்தித்தன. கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டிருந்ததை, கிரெனடாவிலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறுநூலில் அம்பலப்படுத்தினார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசியது கிரியோல். ஆசிரியர்கள் காதில் அது பிழையான ஆங்கிலமாக விழுந்தது. பிழையான ஆங்கிலத்தைக் குறைந்த அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, பிள்ளைக்கு உதவுவதாகவே நினைத்திருப்பார்கள்.

நிறம் வேறு, பேச்சு வேறு, அதனால்தான் பாகுபாடு என்று யாராவது சொன்னால் அவர்களை ஜப்பானுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே புராக்குமின் என்று ஒரு மக்கள். தோல் பதனிடுதல், விலங்குகளை அறுத்தல் போன்ற தொழில்களைச் செய்தவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். நமக்கு விளக்கத் தேவையில்லை. நிறம், மொழி, முகம் எதிலும் மற்ற ஜப்பானியரிடமிருந்து வேறுபாடு கிடையாது. 1871லேயே அரசாணை அந்த இழிநிலையை ஒழித்துவிட்டது. பார்த்தால் தெரியாது, கேட்டாலும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? 1975இல் ஒரு செய்தி வெளிவந்தது. புராக்கு குடியிருப்புகளின் முகவரிகளைத் தொகுத்து இரகசியமாக விற்றிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் அதை விலைக்கு வாங்கி, வேலைக்கு மனுப் போட்ட இளைஞர்களின் ஊரை அதில் ஒப்பிட்டுப் பார்த்தன. வேறுபாடு தானாகக் கண்ணில் படாதபோது, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அதே மக்களிடமிருந்து வந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொச்சி நகரின் நாகஹாமா பகுதியில் புராக்கு தாய்மார்கள் கூடி அரசியலமைப்பைப் படித்தார்கள். கட்டாயக் கல்வி இலவசம் என்று அதில் இருப்பதைக் கண்டு, அப்படியானால் பாடநூலுக்கு ஏன் காசு என்று 1961இல் கேட்டார்கள். ஆசிரியர்களும் உடன் நின்றார்கள். 1963இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் கட்டாயக் கல்விப் பருவத்து ஜப்பானியப் பிள்ளைகள் எல்லோருக்கும், பணக்கார வீட்டுப் பிள்ளை உட்பட, பாடநூல் இலவசமானது.

இப்போது பொம்மைக்குத் திரும்புகிறேன். 1991இல் நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியர். ஆதிதிராவிடர் மாணவர் உதவித்தொகைப் படிவங்கள் வந்திருந்தன, அன்று மாலைக்குள் பட்டியல் தர வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு, "உதவித்தொகைக்கு உரியவர்கள் எழுந்து நில்லுங்க" என்றேன். ஏழு பேர் எழுந்தார்கள். பதிவேட்டின்படி எட்டுப் பேர். எட்டாவது பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தான். "காது கேக்கலையா?" என்று வேறு அதட்டினேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவன் அம்மா வந்தார். "அந்தக் காசு வேணாங்குறான் சார். எழுப்பிவிட்டா இனிமே பள்ளிக்கூடமே வரமாட்டேங்குறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அந்த ஆண்டு அவனுக்குத் தொகை போகவில்லை. படிவத்தில் கையெழுத்து வாங்க முடியவில்லை என்று நான் குறிப்பு எழுதினேன்.

என்னிடம் வெறுப்பு இருந்ததாக அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உதவி செய்கிற வேலையைத்தான் செய்தேன். "இதில் உன்னைப் போல இருக்கிற பொம்மை எது?" என்று நாற்பது பிள்ளைகள் பார்க்கக் கேட்டேன், அவ்வளவுதான். கிளார்க் தம்பதியர் அதைத் தனியறையில் கேட்டார்கள். பதிவேட்டில் எல்லாத் தகவலும் என் மேசைமேல் இருந்தது. வாய்விட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து படிவங்களை மூடிய உறையில் போட்டு, வகுப்பில் எல்லோருக்கும் ஏதோ ஓர் உறை போகும்படி பார்த்துக்கொண்டேன். கூடுதலாக ஆன செலவு முப்பது உறைகள்.

உணவு இடைவேளைக்குப் பின் குழுக்களாக உட்காருவீர்கள். நான் கேட்பது ஒரு பட்டியல். ஒரு கல்வியாண்டில், பிள்ளைகளின் வீடு, தெரு, தொழில், வருமானம், பிரிவு பற்றி எத்தனை தடவை வகுப்பில் சத்தமாகக் கேட்கிறோம், எந்தப் படிவத்துக்காக, யார் முன்னிலையில் என்று எழுதுங்கள். "வீட்டுத் தமிழை இங்கே பேசாதே" என்று எப்போது, எந்தப் பிள்ளையிடம் சொன்னோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். என் பட்டியலை நான் கொண்டுவந்திருக்கிறேன், முதலில் அதையே வாசித்துவிடுகிறேன்.