விலையும் உழைப்பும்: ஓராண்டுக் கணக்குப் போதாது



காணி வாங்கப் புறப்படும் கமக்காரன் ஒரு போகத்து வெங்காய விலையை மட்டும் கேட்டு விலை பேசுவானா? பேசமாட்டான். நன்றாக விளைந்த ஆண்டையும் பயிர் அழிந்த ஆண்டையும் சேர்த்தே நிலத்தை மதிப்பான். ஆனால், கம்பனிப் பங்கு என்று வந்துவிட்டால் நம்மவரிற் பலர், கற்றோர் உட்பட, அந்த அறிவைப் படலைக்குள்ளேயே விட்டுச் செல்கின்றனர்.

பங்கொன்றின் விலையை, அப்பங்குக்கு ஓராண்டிற் கிடைத்த இலாபத்தால் வகுத்தால் வருவதே விலை உழைப்பு விகிதம். விகிதம் 10 எனில், இலாபம் மாறாதிருப்பின், கொடுத்த விலைக்கு ஈடான தொகையைக் கம்பனி ஈட்டப் பத்தாண்டு செல்லும்.

அமெரிக்காவின் சிஸ்கோ கம்பனியை எடுத்துக்கொள்வோம். 2000 மார்ச்சில் அதன் பங்கு 80 டொலரைத் தொட்டது. அவ்வாண்டு யூலையில் முடிந்த நிதியாண்டிற் பங்கொன்றின் உழைப்போ 36 சதம். விகிதம் 220க்கும் மேல்! 2002 ஒக்டோபரில் அப்பங்கு 10 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. 2019 யூலையில் முடிந்த ஆண்டில் உழைப்பு 2 டொலர் 61 சதமாயிற்று. ஏழு மடங்கு பெருகிற்று. பங்கின் விலையோ 55 டொலரளவிலேயே நின்றது. விகிதம் 21 ஆகச் சுருங்கிற்று. கம்பனி வளர்ந்தது, உச்ச விலைக்கு வாங்கியவன் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னும் முதலை மீட்கவில்லை. 2011 வரை பங்கிலாபமும் வழங்கப்படவில்லை.

விகிதம் குறைந்தால் மலிவு என்று எண்ணுவதும் தவறே. தேயிலை, இறப்பர் விலை உச்சத்தில் நிற்கும் ஆண்டிலே தோட்டக் கம்பனியின் இலாபம் வீங்கும். விகிதம் சிறுத்துத் தோன்றும். மறு ஆண்டு அவ்விலை சரிந்தால் இலாபம் கரையும். மலிவு என்று வாங்கியது மலிவன்று என்பது அப்போது தெரியும். நட்டம் வந்த ஆண்டிலோ விகிதத்துக்குப் பொருளே இல்லை. 2001 யூலையில் முடிந்த ஆண்டில் சிஸ்கோவுக்கு நேர்ந்ததும் அதுவே.

இதனாலன்றோ, கிரகாம், டொட் என்னும் அறிஞர் இருவர் 1934 இல் வெளியிட்ட நூலில், ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரி இலாபத்தைக் கொண்டு மதிப்பிடுமாறு கூறினர்!

நாம் செய்யவேண்டியது யாது? பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து, விலையையும் உழைப்பையும் அருகருகே எழுதுவோம். விகிதம் ஏறியது விலை ஏறியதாலா, இலாபம் குறைந்ததாலா என்று கேட்போம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை ஒற்றை எண்ணை நம்பி ஒப்படைக்கோம்.