நாற்காலியும் செக்குப் புஸ்தகமும்

(ஒரு கிராமக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. சட்டப் புஸ்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்து கொண்டவன்தான். ஆனாலும் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் போகிறது என்பதைத் தெரிந்து கொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

1882ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி என்று ஒரு தீர்மானம் போட்டு வைத்தார். பிறகு எத்தனையோ போர்டு, எத்தனையோ சட்டம்! ஆனால் நம் ராஜ்யத்தில் 1970ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986ல், அதற்கடுத்தது 1996ல். இதற்குப் பெயர் சுயாட்சியாம்! 1993ல் அமலுக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம்தான், ஐந்து வருஷத்துக்கொரு முறை தேர்தல் நடத்தியே தீரவேண்டும், ஆதிதிராவிடருக்கு ஜனத்தொகைப்படி இடம், பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் இடம் என்று விதித்தது.

விதித்ததும் என்ன நடந்தது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நாலு ஊர்களில் தலைவர் ஸ்தானம் ஆதிதிராவிடருக்கு என்றார்கள். 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. சில தடவை மனுப் போட ஆளில்லை. சில தடவை ஜெயித்தவரையே உடனே ராஜினாமாச் செய்ய வைத்தார்கள். மேலவளவில் ஜெயித்துத் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30ந் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து, கூட வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றமென்ன? பொதுப் பணத்தைத் தின்றாரா? நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

பஞ்சாயத்துத் தலைவர் என்றால் என்ன, சாமியா? தெருவிளக்குக்குப் பல்பு மாட்டச் சொல்லுகிறவர், சாக்கடை அள்ள ஆள் வைக்கிறவர். இதற்கு எந்தச் சாஸ்திரத்தில் ஜாதி எழுதியிருக்கிறது? சேரிக்காரன் அறுத்த நெல் உங்களுக்கு இனிக்கிறது. அவன் போடுகிற கையெழுத்து மட்டும் கசக்கிறதா?

2020ல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில், தலைவரான ஆதிதிராவிடப் பெண்மணி தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தரையில் உட்கார வைப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. செக்குப் புஸ்தகத்தில் நடப்பது யாருக்குத் தெரியும்? பஞ்சாயத்துப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு அங்கத்தினர்கள் தங்களுக்குள் தெரிந்தெடுக்கிறார்கள். ஊர்ப் பெரிய மனுஷர் அந்த இடத்தில் தம் ஆளை வைத்துவிட்டால் போதும். “நாளைக்கு வா”, “வெளியூர் போகிறேன்” என்று அவர் நாளைக் கடத்துவார். மோட்டார் ரிப்பேர் ஆகாது; துப்புரவு செய்கிறவருக்குக் கூலி கிடைக்காது. மூன்று மாதம் கழித்து, “பார்த்தீர்களா, இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது” என்று டீக்கடையில் அதே மனுஷர் பேசுவார்!

இந்தச் சண்டையே வேண்டாம், படித்த அதிகாரி போதும் என்பாரும் உண்டு. அதையும் பார்த்தோமே! 2016 முதல் 2019 வரை தேர்தலில்லாமல் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். தேர்தல் நடத்தவில்லையென்று மத்திய சர்க்கார் நிதிக் கமிஷன் மானியத்தை நிறுத்தி வைத்தது. குழாய்க்கும் சாக்கடைக்கும் வரவேண்டிய பணம் அது. ஒரு அதிகாரி தலையில் எத்தனையோ ஊர். குடத்தோடு நிற்கிற கிழவி யாரைப் போய்க் கேட்பாள்?

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஓட்டர் யாராயிருந்தாலும் போய்க் கணக்குக் கேட்கலாம். மதச் சம்பந்தமான இடத்தில் அதைக் கூட்டக் கூடாதென்று சர்க்கார் உத்தரவே இருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டினால், யார் உள்ளே வரத் தயங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகையால் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இடம் எது என்று முதலில் கேளுங்கள். சேரியிலிருந்து நாலு பேரையாவது, அதில் இரண்டு பெண்களையாவது கூட அழைத்துப் போங்கள். போய், எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வரவு செலவுப் புஸ்தகத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.