சஃபாரியில் ஒரு டம்ளர் காப்பி

(புனேயில் நடந்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருகிற ஆகஸ்டில் நம்மவர்கள் இருபது பேர் கென்யாவுக்குப் போகிறார்கள். போய்வந்தவன் என்ற முறையில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர். சிங்கம், யானை பற்றிப் பேசுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அதையெல்லாம் வண்டி ஓட்டுகிறவரே நன்றாகச் சொல்லிவிடுவார். ஆனால் போன வாரம் எனக்கு ஃபோன் செய்த மூன்று பேருமே சிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மாமா, ஃபில்டரை எடுத்துண்டு போகலாமா? காலம்பற காப்பிக்கு என்ன பண்றது?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே காப்பியைப் பற்றியே பேசுகிறேன். இந்த விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, வானிலைத் துறையில் சேர்ந்து, இங்கே சிவாஜிநகரில் ஊரார் சிம்லா ஆபீஸ் என்று சொல்கிற இடத்தில் ரிடையர் ஆனவன். ஹிப்ஸோமீட்டர் என்று ஒரு பழைய கருவி உண்டு. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து, நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அதைக்கொண்டு கணக்கிடலாம். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரி என்றால், 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் புனேயில் 98. நைரோபி சுமார் 1,800 மீட்டர். அங்கே 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். மாசாய் மாராவும் ஏறக்குறைய அப்படித்தான்.

"அப்படியானால் கிருமி சாகாதே?" என்று கேட்பீர்கள். சாகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா, வைரஸ், அமீபா எல்லாவற்றுக்கும் 70 டிகிரியில் ஒரு நிமிஷம் போதும். 94 தாராளம். டிகாக்ஷன் கொஞ்சம் நீர்த்து இறங்கும், அவ்வளவே. ஒரு ஸ்பூன் பொடி கூடப் போடுங்கள். இந்தக் கணக்கையெல்லாம் நான் 2019 ஆகஸ்டில் எங்கள் குழுவின் பதினாலு பேருக்கும் விமானத்திலேயே பிரசங்கம் செய்தேன். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

மாசாய் மாராவில் கூடாரத்தில் தங்கினோம். கூடாரம் என்றால் கட்டில், மெத்தை, குளியலறை எல்லாம் உள்ள கூடாரம். மின்சாரம் ஜெனரேட்டரில், காலையும் மாலையும் சில மணி நேரம். கெட்டில் போட அனுமதியில்லை. ஆனால் குளியலறைக் குழாயில் விறகு பாய்லரில் காய்ந்த வெந்நீர் வரும். விடிகாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தேன். ஆவி பறந்தது, விரலை வைக்க முடியவில்லை. நம் ஊர் வெந்நீர்த் தவலை ஞாபகம் வந்துவிட்டது. ஃபில்டரில் பொடியைப் போட்டு அந்த நீரையே விட்டேன். "ஏன்னா, அது குளிக்கற ஜலம். டைனிங் டென்ட்ல அவா டீ போட்டு வெச்சிருப்பா, வாங்கோ" என்றாள் என் ஆத்துக்காரி. "கை பொறுக்கலை, இதைவிட என்ன சூடு வேணும்?" என்றேன். "அப்ப உங்க காப்பியை நீங்களே குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் குடித்தேன்.

கையை ஒரு தெர்மாமீட்டராக நினைத்ததுதான் தப்பு. ஏறக்குறைய 50 டிகிரியிலேயே நம் விரல் பொறுக்காமல் இழுத்துக்கொள்ளும். கிருமி சாக வேண்டிய சூட்டுக்கும் அதற்கும் 20 டிகிரி வித்தியாசம். ஆற்று நீரையோ போர்வெல் நீரையோ ஏற்றி, 50, 55 டிகிரிக்குக் காய்ச்சி அனுப்புகிறார்கள், குளிப்பதற்காக. குற்றம் அவர்கள் மேல் இல்லை. காப்பிப் பொடிக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இருப்பதாக நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கொல்வது பொடி அல்ல, கொதி.

மூன்றாம் நாள் இரவு ஆரம்பித்தது. விடிவதற்குள் பத்துத் தடவை, ஜுரம் வேறு. பிரசங்கம் செய்தவன் அல்லவா, வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல், பையில் இருந்த வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஜுரமோ ரத்தமோ இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் அதைப் போடக்கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. வழக்கமான பி.பி. மாத்திரையையும், மூத்திரம் பிரியச் செய்யும் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கினேன். எல்லோரும் காட்டு மாட்டுக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கப் போனார்கள். நான் "களைப்பு" என்று சொல்லிப் படுத்துவிட்டேன். மாலையில் அவள் வந்து பார்த்தபோது நான் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தேனாம். காலையிலிருந்து மூத்திரமே போகவில்லை. முகாமில் இருந்தவர்கள் ரேடியோவில் கூப்பிட்டு டாக்டரை வரவழைத்து, இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றினார்கள். நைரோபிக்கு வந்து பரிசோதித்தால் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அது பழைய நிலைக்கு இறங்க, புனேயில் மூன்று வாரம் ஆயிற்று.

அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று பரிசோதனைச் சாலையில் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரே பந்தியில் சாப்பிட்ட பதினாலு பேரில் படுத்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தவனும் நான் ஒருவன்தான்.

இதைக் கேட்டு "ஆப்பிரிக்கா அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஜனவரியில் நம் சிங்ஹகட் ரோடு, நாந்தேட்காவ், கிர்கட்வாடி பக்கம் என்ன நடந்தது? குய்லான்-பாரே என்ற நரம்பு நோயில் கை கால் விழுந்து, இந்தப் பகுதியில் 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சிலர் வென்டிலேட்டர் வரை போனார்கள், சிலர் இறந்தும் போனார்கள். நோயாளிகள் பலரிடம் காம்பிலோபாக்டர் என்ற கிருமி இருந்தது. சந்தேகம் தண்ணீர் மேல் விழுந்தது. அது கோழியில் வருகிற கிருமி, நாம் சைவம்தானே என்று இருந்துவிட முடியாது. அசுத்தமான தண்ணீரிலும் காய்ச்சாத பாலிலும் அது வரும். சாதாரண வயிற்றுப்போக்காக வந்து, அபூர்வமாகச் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து நரம்பைப் பிடிக்கும்.

சரி, காப்பிக்கு வருவோம். கென்யாவில் நியெரி, கிரின்யாகா பகுதிகளில் விளைகிற அராபிகா உலகப் பிரசித்தம். ஆனால் சிக்கரி கிடையாது, நம் நாக்குக்குக் கொஞ்சம் புளிக்கும். விளைவிப்பதில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்துவிட்டு அவர்கள் குடிப்பது டீதான். ஸ்வாஹிலியிலும் அதற்குப் பெயர் சாய். தண்ணீர், பால், தூள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். நம் காப்பியை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தனி, டிகாக்ஷன் தனி, பால் தனி, டபரா தனி. நாலு இடத்தில் கிருமி நுழைய வழி இருக்கிறது. என் ஆத்துக்காரி குடித்த டீயில் ஒரு வழிதான், அதையும் அடுப்பு அடைத்துவிட்டது.

காப்பிதான் வேண்டும் என்பவர்கள் (நானும் அந்த ஜாதிதான்) டைனிங் டென்ட் சமையல்காரரிடம் ஃபிளாஸ்கைக் கொடுத்து, "மாஜி யா மோட்டோ" என்று கேளுங்கள். வெந்நீர் என்று அர்த்தம். அதோடு விடாமல், தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று ஜாடை காட்டியாவது சொல்லுங்கள். அங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும், பயமில்லை. கொதி வந்தபின் ஒரு நிமிஷம், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிஷம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. கெட்டிலுக்கு அனுமதி உள்ள ஓட்டல்களில் அது கொதித்ததும் தானே அணைந்துவிடும். இன்னொரு தடவை போட்டுவிடுங்கள். பிளக் மூன்று சதுரக் கால் கொண்டது, லண்டனில் உள்ளதைப் போல. நம் பின் நுழையாது.

கொதித்த நீரில் முதல் அரை டம்ளரை ஃபில்டரையும் டம்ளரையும் அலசவே செலவு செய்யுங்கள். குழாயில் கழுவி ஈரத்தோடு காப்பி விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். துண்டால் துடைக்கவும் வேண்டாம், கவிழ்த்து வையுங்கள். பால் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காலைச் சிற்றுண்டி மேஜையில் திறந்த கூஜாவில் வெதுவெதுப்பாக இருக்கும் பால் கிருமி வளர்வதற்கு ஏற்ற சூடு. நைரோபியில் கடைகளில் நீண்ட நாள் கெடாத பால் பாக்கெட் கிடைக்கும். 135 டிகிரிக்கு மேல் காய்ச்சி அடைத்தது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, திறந்தால் அப்போதே தீர்த்துவிடுங்கள். பாலைக் கலந்த காப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றி மத்தியானம் வரை வைத்துக் குடிக்கும் வழக்கம் நம்மில் உண்டு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது காப்பி அல்ல, கிருமிப் பண்ணை. பாலையும் பிஸ்கட்டையும் கூடாரத்தில் வைத்தால் குரங்கு வரும், அது வேறு கதை.

பொடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். கென்யாவில் 2017 முதல் அந்தப் பைக்குத் தடை. 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை உபயோகிக்கும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் டப்பா, எவர்சில்வர் பாட்டில். நமக்கு என்ன குறை?

மாத்திரைகளையும் காப்பியையும் சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் காப்பிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி இடைவெளி வேண்டும். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பால் கூடாது, உடம்பில் சேர்வது குறையும். அடோவாகுவோன்-ப்ரோகுவானில் கொடுத்தால் சாப்பாட்டோடோ பாலோடோ எடுக்க வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டு மாத்திரை, விதி நேர் எதிர். பெயரைப் படித்துவிட்டு விழுங்குங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு முன் தங்கள் டாக்டரை அவசியம் கலந்துகொள்ளுங்கள்.

பெண்கள் தயங்கிக் கேட்காத ஒன்று. வண்டியில் ஏறினால் மூன்று நாலு மணி நேரம், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். காப்பியைக் கிளம்புவதற்கு ஒரு மணி முன்னதாகவே முடித்துவிடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கூச்சப்படாமல் டிரைவரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவார்.

ஆளுக்கு ஆறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தீர்ந்துவிட்டால் கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக்கூடாது. பி.பி., சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், வயிற்றுப்போக்கு வந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடருவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் முதல் தடவையிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் பதினாறு மணி நேரம் கழித்தேன்.

என் பிளக்கையும் எவர்சில்வர் ஃபில்டரையும் மேஜைமேல் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். உள்ளே காப்பி தயாராகிறது. தண்ணீர் கொதித்ததா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், மாமிகள் என்னைத் துரத்திவிட்டார்கள்.