கப்பலில் ஏ.சி., நம் பிளாக்கில் ஏ.சி.

கத்திரி வருவதற்குள் ஏ.சி. செலவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர். நான் படித்தது பி.காம்., பார்த்தது பேங்க் வேலை. அதனால் கணக்காகவே பேசுகிறேன். உதாரணத்துக்கு ஒரு கப்பல்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த ரஜூலா கப்பலைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1926-இல் கட்டியது. மேல்தளப் பயணிகளுக்குக் கடற்காற்றுதான் விசிறி. இன்றைய கப்பல்களில் தங்கும் அறைகளுக்கு ஏ.சி. உண்டு. ஆனால் நடுக்கடலில் ஈ.பி. லைன் ஏது? ஒவ்வொரு யூனிட்டும் கப்பலிலேயே எண்ணெய் எரித்து எடுப்பது. அதனால் சிக்கனத்துக்கு வழி கண்டிருக்கிறார்கள்.

ஒன்று: என்ஜினில் எரியும் எண்ணெயில் ஏறக்குறையப் பாதிதான் கப்பலை ஓட்டுகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. புகை போகும் வழியில் பாய்லர் வைத்து நீராவி எடுக்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் அறையைச் சூடாக்கவும், குளிக்க வெந்நீருக்கும் அது உதவுகிறது.

இரண்டு: காற்றோட்ட விசிறியையும் பம்பையும் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டுகிறார்கள். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும்.

மூன்று: ஏ.சி. வெளியேற்றும் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்கிறது.

நம் பிளாக்கில் அந்தச் சூடு எங்கே போகிறது? டக்டுக்குள். கீழ்வீட்டு அவுட்டோர் யூனிட் விடும் அனலை மேல்வீட்டு யூனிட் இழுக்கிறது. கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கிறது, பில் ஏறுகிறது. ஏ.சி.யே இல்லாத வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதே டக்டில்தான் திறக்கிறது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

400 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள, வெளிநாடு செல்லும் கப்பல்கள் எரிசக்திச் சிக்கனத் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது 2013 ஜனவரி முதல் சர்வதேச விதி. நமக்கும் ஒன்று வேண்டும்.

வீட்டளவில்: விடியற்காலையில் ஜன்னலைத் திறந்து காவிரிக் காற்றை உள்ளே விடுங்கள். வெயில் ஏறியதும் மேற்கு ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். ஏ.சி.யை 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது, ஸ்டார் முத்திரை தரும் பி.இ.இ. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளிலும் சலுகை குறையும் என்பதை மறக்காதீர்கள்.

சங்க அளவில் ஒரே வேண்டுகோள்: டக்டுக்குள் இனிப் புது அவுட்டோர் யூனிட் வேண்டாம். இருப்பவற்றை மொட்டைமாடிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றும் செலவை எப்படிப் பகிர்வது என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுப்போம். அவசியம் வாருங்கள்.