உத்தியோகம் தேடுவோரும் இணையத்தில் அவர்தம் நற்பெயரும்

(செங்கற்பட்டில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

முற்காலத்தில் உத்தியோகம் வேண்டிச் செல்பவன், தலைமையாசிரியர் எழுதித் தந்த நன்னடத்தைப் பத்திரத்தை உடன் கொண்டு செல்வான். இக்காலத்திலோ, அவன் வாயிற்படி ஏறுமுன்னரே அவன் பெயர் இணையத்தில் தேடப்படுதல் கூடும். மறைமலைநகர், பரனூர், சிறுசேரி ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளையும் கணினி நிறுவனங்களையும் நம்பியிருக்கும் நம் ஜில்லாவாசிகளுக்கு இது சிறிய விஷயமன்று. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபொழுது, பல்லாண்டு அநுபவமுடையோரும் மீண்டும் வேலை தேட நேர்ந்தது. ஆகையால் இது வாலிபருக்கு மாத்திரம் உரிய பேச்சன்று.

நிற்க. இணையத்தில் ஏறிய பெயரை இறக்குதல் எவ்வளவு அரிதென்பதற்குச் சென்னை ஐகோர்ட்டில் நடந்த வழக்கொன்றே சான்றாகும். குற்ற வழக்கிலிருந்து விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை மறைக்கவேண்டுமென விண்ணப்பித்தார். தம் பெயரைத் தேடுவோர்க்குப் பழைய வழக்கே தென்படுகிறதென்பது அவர் குறை. 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி அவ்விண்ணப்பத்தைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்ந்து அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. விடுதலை பெற்றவருக்கே இத்தனை அலைச்சலென்றால், நாமே வலியச் சென்று எழுதிய வசைமொழிகளை அழித்தல் எங்ஙனம் எளிதாகும்?

மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் எழுதியதை அடுத்த அலை அழித்துவிடும். இணையத்தில் எழுதுவதும் அத்தகையதே என்றெண்ணி நம் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். நாம் நீக்கிய பின்னரும், அதனைப் படமெடுத்து வைத்துக்கொண்டவர் கையில் அது நிலைத்திருக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில கூறுவேன். முதலாவது, தம் கணக்கிலிருந்து வெளியேறி, தம் பெயரோடு ஊரையும் கல்லூரியையும் சேர்த்து, அயலார் தேடுவதுபோல் தேடிப் பார்க்கவேண்டும். இரண்டாவது, தகாத பதிவுகளை நீக்கவேண்டும். முன்னிருந்த முதலாளியை ஏசியவையும் இவற்றுள் அடங்கும். பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர் மாத்திரம் காணுமாறு ஒரே கட்டளையால் மாற்றும் வசதி முகநூலில் உண்டு. மூன்றாவது, தம் தொழிற்றிறமையை வெளிப்படுத்தவேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி மாணவன், தான் செதுக்கிய உருவத்தின் படத்தை, கல்லின் வகை, அளவு, உழைத்த நாட்கள் ஆகியவற்றோடு வெளியிடுவானாயின், அதுவே அவனுக்குச் சிறந்த சிபாரிசுக் கடிதமாகும். நான்காவது, விண்ணப்பத்திலுள்ள தேதிகளும் லிங்க்டுஇன் பக்கத்திலுள்ளவையும் ஒத்திருத்தல் வேண்டும். பொய் நிலைக்காது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொய்க் கணக்குகளுக்கு அஞ்சி அவர்களை இணையத்தினின்று முற்றும் விலக்குவது, உத்தியோக வாயிலை நாமே அடைப்பதாகும். பிறர்போல் நடித்துக் கணினி வழியே வஞ்சிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இடமளிக்கிறது. அஞ்சாது புகார் செய்க.

இன்னொன்றும் கூசாது சொல்வேன். குலப்பெருமை பேசப் புகுந்து பிற குலத்தாரை இழிக்கும் பாட்டையும் படத்தையும் நம் வாலிபர் சிலர் பரப்புகின்றனர். பெரியோராகிய நாம் கண்டும் காணாதிருக்கிறோம். ஆலையில் அவர்கள் அருகே நின்று உழைப்போர் எல்லாக் குலத்தினருமாவர். உடனுழைப்போரை இகழ்பவனை எந்த மேலாளர் நம்பிச் சேர்த்துக்கொள்வார்? வேலை கிடைப்பினும் கிடையாவிடினும், அச்செயல் தன்னளவிலேயே தகாதது. சங்கத்துக்கு அதனால் பெருமையில்லை, பழியே மிகும்.

ஆகவே, இவ்வாரத்தில் ஒரு மாலை, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து தத்தம் பெயரைத் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பிள்ளைகளின் மதிப்பெண் பத்திரத்தையும் தொலைபேசி எண்ணையும் ஊரறிய வெளியிட்ட பெற்றோரும் நம்முள் உண்டு. அவற்றை அவர்களே முதலில் நீக்கி வழிகாட்டுவாராக.